மன்னார்க் கரையும் சமூக விஞ்ஞானக் கல்வியும்

ஒரு கற்கைநெறியின் தகுதியைப் பாடப்பட்டியலைக் கொண்டு அளத்தல் போதாது. சூழவுள்ள மக்களின் வாழ்வை அது எத்துணை விளக்கவல்லது என்பதே உரைகல்லாகும்.

மன்னார் இதற்குத் தக்க களம். 1903 முதல் 1906 வரை வெளிவந்த ஹேர்ட்மனின் முத்துச்சிப்பி ஆய்வறிக்கை ஐந்து பாகங்களாக விரிந்தது. சிப்பியின் உயிரியல் நுணுகி ஆராயப்பட்டது. மூச்சடக்கிக் குளித்தவனின் வாழ்வு அதன் பொருளாகவில்லை.

இக்குறை முற்றாக நீங்கியதெனக் கூறுதல் அரிது. 1974இல் தோன்றிய யாழ்ப்பாண வளாகம் வடபுலத்தில் கலைக்கல்விக்கு இடமளித்தது. ஆயினும் மன்னாருக்கு அண்மையிலுள்ள வவுனியாப் பல்கலைக்கழகம் 2021இல் தனித்தியங்கத் தொடங்கியபோது பிரயோக விஞ்ஞானம், வணிகக் கற்கை, தொழினுட்பக் கற்கை ஆகிய மூன்று பீடங்களையே கொண்டிருந்தது.

தொழில்வாய்ப்பே இதற்கு நியாயம் எனலாம். ஆனால் மன்னார் எழுப்பும் வினாக்களுக்கு அந்நியாயம் விடையாகாது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் முஸ்லிம்களை வெளியேற்றினர். வெளியேற்றியோரும் வெளியேறியோரும் ஒரே மொழியினர். இழுவைமடித் தொழிலை இலங்கை 2017இல் சட்டத்தால் தடைசெய்தது. அத்தொழிலுக்காகப் பாக்குநீரிணையைக் கடந்து வருவோரும் அதனால் வலையிழப்போரும் தமிழரே. சிங்களவர், தமிழர் என்னும் இருமைக்குள் அனைத்தையும் அடக்கும் வாய்பாடு இவ்விரண்டிலும் தோல்வியுறுகின்றது. மதம், காணி, முதல், தொழிற்கருவி ஆகியவற்றையும் இணைத்து நோக்கும் கல்வியே இங்கு பயன்படும்.

எனவே, முசலியிலும் பேசாலையிலும் மாணவர் தங்கிச் செய்யும் களஆய்வு, விருப்புக்குரிய இணைப்பாக அன்றிப் பட்டத்தின் கட்டாயப் பகுதியாதல் வேண்டும். மக்களிடம் கற்காத சமூக விஞ்ஞானம் மக்களுக்குக் கற்பிக்கவும் தகுதியற்றது.