பட்டிக்கு அடியில் துரு

பழைய ஆம்னி வேனுக்கு ‘ஃபுல் பெயிண்டிங்’ இத்தனை ஆயிரம்தான் என்று ஒரே தொகை சொல்லும் பட்டறைகளுக்கு இப்போது நல்ல காலம். மங்கிப்போன வெள்ளை வண்டி பட்டறைக்குள் போகிறது. ஒரு நிமிடக் காணொளி முடிவதற்குள் பளபளவென்று வெளியே வருகிறது. கீழே தொகை ஓடுகிறது. வண்டி வைத்திருப்பவர்களும் இதற்கு ஒரு நியாயம் வைத்திருக்கிறார்கள். “பழைய வண்டிதானே, இதுக்குப் போய் யாராவது கொட்டுவாங்களா? கம்மி ரேட்ல அடிச்சு, எஃப்.சி. காட்டி, இன்னும் அஞ்சு வருஷம் ஓட்டினா போதாதா?” என்கிறார்கள். இந்த நியாயம் எனக்கு ஒப்பவில்லை. செலவைக் குறைக்க நினைப்பது சரிதான். எங்கே குறைக்கிறோம் என்பதில்தான் கோளாறு.

ஒப்புக்கொள்ள வேண்டியதை முதலில் ஒப்புக்கொண்டுவிடலாம். ஆம்னியின் உற்பத்தி 2019-லேயே நின்றுவிட்டது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஒவ்வொரு பேனலுக்கும் தனித்தனியாக பில் போட்டால், வண்டி விற்கும் விலையில் பெரும்பங்கு பெயிண்டுக்கே போய்விடும். அதனால் தெருவோரப் பட்டறையைத் தேடுவதில் தப்பே இல்லை. வெயிலில் வெளுத்த வெள்ளைக்குக் கண்ணளவிலேயே கலர் சேர்க்கிற பெயிண்டர்கள் அங்கே இருக்கிறார்கள். என்.சி. பெயிண்டை மட்டமாகப் பேசுவதும் சரியல்ல. தின்னர் ஆவியானதும் காய்ந்துவிடும். கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் அடித்து, காம்பவுண்ட் போட்டுத் தேய்த்துக்கொள்ளலாம். 2கே பி.யு. பெயிண்ட் ஹார்டனர் சேர்ந்து இறுகுவதால் வெயிலையும் பெட்ரோலையும் கூடுதலாகத் தாங்கும், விலையும் கூடும். கையில் இருக்கிற காசுக்கு ஏற்ப எதையும் எடுத்துக்கொள்ளலாம்.

என் சண்டை பெயிண்டுக்குக் கீழே இருப்பதைப் பற்றியது. ஒட்டுமொத்த ரேட் எப்போது பேசப்படுகிறது? வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்த ஐந்து நிமிடத்தில். மேட் எடுக்கப்படவில்லை, பீடிங் கழற்றப்படவில்லை, பழைய பெயிண்ட் சுரண்டப்படவில்லை. தகரம் எந்த நிலையில் இருக்கிறது என்று வண்டிக்காரருக்கும் தெரியாது, பட்டறைக்காரருக்கும் தெரியாது. தெரியாத வேலைக்குத் தொகை முடிவாகிவிடுகிறது. மறுநாள் சுரண்டும்போது துரு தெரிந்தால் அதை வெட்டி எடுத்து, புதுத் தகரம் வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். அந்தக் கூலியை யார் தருவார்? பேசிய தொகைக்குள் அது இல்லை. பட்டியைக் குழைத்து அப்பினால் ஒரு மணி நேரத்தில் மேடுபள்ளம் மறைந்துவிடும். பட்டறைக்காரர் எதைச் செய்வார் என்பது தொகை பேசியபோதே முடிவாகிவிட்டது.

ஆம்னியின் சைடு ஸ்லைடிங் கதவை எடுத்துக்கொள்ளுங்கள். கதவின் கீழ் விளிம்பில் தண்ணீர் வடிய சிறு துளைகள் உண்டு. கண்ணாடி ஓரமாக இறங்கும் மழைத் தண்ணீர் அவற்றின் வழியாகத்தான் வெளியேற வேண்டும். பல ஆண்டுத் தூசியில் அவை அடைபட்டு, தண்ணீர் உள்ளேயே தேங்கி, தகரம் உள்பக்கத்திலிருந்து அரிக்கத் தொடங்கும். வெளியே தெரிவது மிளகளவு கொப்புளம்தான். துரு, அது தின்ற இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும்; அதனால்தான் பெயிண்ட் உப்புகிறது. அந்தக் கொப்புளத்தில் ஸ்க்ரூ டிரைவரை அழுத்தினால் பல நேரம் நேராக உள்ளே போய்விடும். அவசரப் பட்டறையில் நடப்பது வேறு. கொப்புளத்தை எமரி பேப்பரால் தேய்த்துத் தட்டையாக்கி, மேலே பட்டியை இழுத்து, பெயிண்ட் அடிக்கிறார்கள். வடிகால் துளையும் பட்டியில் மூடிக்கொள்கிறது. ஏற்கெனவே அரிக்கிற கதவுக்குள் தண்ணீரையும் அடைத்து வைத்ததாகிறது.

பட்டி என்பது பாலியெஸ்டர் பிசினில் டால்க் போன்ற தூள் கலந்த கலவை. சுத்தமான தகரத்தில் சின்ன நெளிவை நிரப்ப அது நல்ல பொருள். ஆனால் அது ஈரத்தை உறிஞ்சும். நம் பட்டறைகளிலோ வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்ப்பதுதான் வழக்கம். தேய்த்த ஈரம் முழுக்கக் காய்வதற்குள் பிரைமர் ஏறினால் அந்த ஈரம் அடியிலேயே மாட்டிக்கொள்ளும். ஐப்பசி மழையில், நாளைக்கே டெலிவரி தர வேண்டிய நெருக்கடியில், யார் காயவிடுகிறார்கள்? கோட்டுக்குக் கோட்டு நேரம் விடாமல் அடித்த பெயிண்ட் சில மாதங்களில் உள்வாங்கி, அடியிலிருக்கும் எமரிக் கோடுகளைக் காட்டிக்கொடுக்கும். டெலிவரி அன்று வண்டிக்காரர் பார்த்து மகிழ்ந்த பளபளப்பு தின்னரும் பாலிஷும் தந்த ஒருநாள் அழகு. புண்ணைக் கழுவாமல் பவுடர் போட்டு மறைப்பதைப் போன்ற வேலை இது.

“கஸ்டமர் கேட்கிறதைத்தானே நாங்க செய்றோம்” என்று பட்டறைகள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. வண்டிக்காரரின் பார்வை முழுக்க எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றின் மேல்தான். சொந்த வண்டியின் பதிவு 15 ஆண்டுக்கு. அதன்பின் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். வாடகை வண்டி எட்டு வயதைத் தாண்டினால் ஆண்டுதோறும் எஃப்.சி. அந்த நாளுக்கு வண்டி பார்வையாக இருந்தால் போதும் என்கிற மனநிலைதான் ஒட்டுமொத்த ரேட்டை வாழவைக்கிறது. ஆனால் வேனின் தரையும் ஃபுட்போர்டும் அழகுக்கு வைத்தவை அல்ல, ஆள் உட்காரும் பாரத்தைச் சுமப்பவை. 2012 ஜூலையில் தாம்பரம் அருகே முடிச்சூரில், பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி இறந்தாள். சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. பள்ளி வாகனங்களுக்கான சிறப்பு விதிகளும் அதே ஆண்டில் வந்தன. அந்தப் பேருந்துக்கு யார் பெயிண்ட் அடித்தார்கள் என்பதல்ல இங்கே கேள்வி. வெளியே ஒழுங்காகத் தெரிகிற வண்டியின் தரை உளுத்திருக்க முடியும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று நமக்கு வேண்டாம். அதற்குப் பிறகும் துருவின் மேல் பட்டியை இழுப்பதைச் சிக்கனம் என்று பாராட்ட என்னால் முடியாது.

ஒட்டுமொத்த ரேட் சொல்லும் பட்டறைகளிலும் நேர்மையானவர்கள் இருப்பார்கள். ஆனால் அந்த ஏற்பாட்டுக்குள் நேர்மையாக இருப்பவருக்கு நஷ்டம்தான். துருவை வெட்டி எடுக்கிறவர் கைக்காசைப் போடுகிறார். மூடிவிடுகிறவர் அடுத்த வண்டிக்குப் போய்விடுகிறார். இப்படியே போனால் ஊரில் மிஞ்சப்போவது மூடுகிறவர்கள் மட்டுமே.

குறைந்த செலவில் நல்ல பட்டறையைப் பிடிக்க வழி உண்டு. ரேட் பேசும் முன் மேட்டையும் பீடிங்கையும் எடுக்கச் சொல்லுங்கள். எடுக்க மறுக்கிற இடத்திலிருந்து கிளம்பிவிடுங்கள். டிங்கரிங்குக்குத் தனியாக, பெயிண்டிங்குக்குத் தனியாகத் தொகை கேளுங்கள். சுரண்டி முடித்த அன்று, பிரைமர் அடிக்கும் முன், கூப்பிடச் சொல்லி நேரில் போய்ப் பாருங்கள். வெறும் தகரத்தின் மேல் எபாக்சி பிரைமர் உண்டா என்று கேளுங்கள். அவர்கள் ஓராண்டுக்கு முன் அடித்த வண்டி ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள்; நேற்று அடித்தது எல்லா இடத்திலும் மின்னும். கையில் ஒரு காந்தம் இருக்கட்டும்: கதவின் அடிப்பக்கத்தில் அது ஒட்டாமல் நழுவினால் அங்கே தடிமனான பட்டி இருக்கிறது. பணம் போதவில்லையா, துருவை வெட்டிப் புதுத் தகரம் வைத்து, எபாக்சி பிரைமரோடு வண்டியை எடுத்து வந்துவிடுங்கள். மேல் கலரைச் சில வாரம் கழித்து அடித்துக்கொள்ளலாம், அப்போது பிரைமரை லேசாகத் தேய்த்துவிட்டு அடித்தால் போதும். தகரம் போனால் எந்தக் கலரும் காப்பாற்றாது. தகரத்தைத் தொடாமல் ரேட் சொல்கிற பட்டறை, எவ்வளவு மலிவாகச் சொன்னாலும், பழைய வேனுக்கு அதிக விலைதான்.