காதலும் இசையும்: ஷூமான் தம்பதியர் பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

இசையமைப்பாளரின் படைப்புகளை அவர்தம் காதல் வாழ்க்கையினின்றும் நேரே வருவித்து விளக்கும் போக்கு மேனாட்டு இசைத் திறனாய்விலே நெடுங்காலமாக நிலவிவருவது. வாழ்க்கை வரலாற்றாசிரியர் ஒரு பெண்ணின் பெயரைச் சுட்டுவர். அப்பெயரே படைப்பின் விளக்கமாகிவிடும். இப்போக்கினர் பெரிதும் எடுத்துக்காட்டுவது றொபேட் ஷூமான் (1810-1856), கிளாரா வீக் (1819-1896) ஆகியோரின் காதலாகும். ஆதலின் இப்போக்கின் வலுவையும் வரையறையையும் இவர்களைக் கொண்டே சோதித்தல் தகும்.

கிளாராவின் தந்தை பிரீட்ரிக் வீக், லைப்சிக் நகரிலே பியானோ ஆசிரியராகவும் பியானோ வணிகராகவும் விளங்கியவர். அவரிடம் பயில வந்த ஷூமான், 1837இல் கிளாராவுடன் இரகசியமாக மணவுறுதி செய்துகொண்டார். தந்தை இணங்கவில்லை. 1839இல் காதலர் நீதிமன்றை நாடினர். 1840 ஓகஸ்டிலே அனுமதி கிடைத்தது; செப்டெம்பர் 12ஆந் திகதி, கிளாராவுக்கு இருபத்தொரு வயது நிறைவதற்கு முதல் நாள், திருமணம் நடைபெற்றது. அதுகாறும் பெரும்பாலும் பியானோவுக்கே எழுதிவந்த ஷூமான், அவ்வோராண்டிலே ஏறத்தாழ 140 பாடல்களை இயற்றினார். காதல் கனிந்தது, இசை பெருகிற்று என்று முடித்துவிடுதல் எளிது.

ஆயின் அவ்வழக்கின் உள்ளடக்கம் யாது? வீக் தம் மகளைச் சிறுபிராயம் முதலே கச்சேரிக் கலைஞராக உருவாக்கியவர். அவரது நாட்குறிப்பைக்கூடத் தொடக்கத்திலே தாமே எழுதிவந்தவர். திருமணத்துக்கு அவர் விதித்த நிபந்தனைகளுள், கிளாரா தமது கச்சேரிச் சம்பாத்தியத்தைக் கைவிடுதலும் ஒன்று. ஷூமானாற் குடும்பத்தைத் தாங்கவியலாது என்றும் அவர் வாதித்தார். எனவே, தனிமனிதத் தெரிவு என்னும் பூர்ஷ்வா இலட்சியம் இங்கு எதிர்கொண்டது ஒரு தந்தையின் பிடிவாதத்தை மாத்திரமன்று. மகளின் உழைப்பின்மீது தந்தை கொண்டிருந்த உரிமையையுமாகும். மத்தியதர வர்க்க இல்லங்களிலே பியானோ பரவியிருந்த அக்காலத்தில், வீட்டிலிருந்து பாடத்தக்க தனிப்பாடல்களுக்குச் சந்தை இருந்தது. வருவாயை மெய்ப்பிக்கவேண்டிய நிலையிலிருந்த ஒருவர் அவ்வடிவத்தை நாடியமையிலே அச்சந்தைக்கும் பங்கிருந்தது எனக் கருதலாம்.

இதனால் அப்பாடல்கள் பணத்துக்காகவே பிறந்தன என்று கூறுதல் கொச்சைப் பொருள்முதல்வாதமாகும். படைப்புகளையே நோக்குதல் வேண்டும். ஹைனேயின் கவிதைகளுக்கு இசையமைத்த 'கவிஞனின் காதல்', 1840 மே மாத இறுதியிலே, வழக்கு முடிவை நெருங்கிய வேளையில் உருவானது. எனினும் அது கூறுவது கைகூடிய காதலையன்று, ஏமாற்றத்தையும் கசப்பையுமே. வாழ்க்கை வரலாற்று விளக்கம் இங்கே தடுமாறுகின்றது. ஹைனே 1831 முதல் பாரிஸில் வாழ்ந்தவர். 1835இல் அவரது எழுத்துகள் ஜேர்மன் கூட்டமைப்பினால் தடைசெய்யப்பட்டன. 1815க்குப் பிந்திய அடக்குமுறையிலே நம்பிக்கை குன்றிய ஒரு தலைமுறையின் உணர்வு அவரது காதற் கசப்பிலும் தோய்ந்துள்ளது. பாடகர் நிறுத்திய பின்னரும் பியானோ தனித்துத் தொடரும் ஷூமானின் முறை, வெளிப்படையாகச் சொல்லவியலாதவற்றுக்கு இசையிலே இடந்தருகின்றது.

அதே ஆண்டிலே இயற்றிய 'பெண்ணின் காதலும் வாழ்வும்' மேலும் கவனத்துக்குரியது. சாமிசோவின் ஒன்பது கவிதைகளுள் எட்டுக்கே ஷூமான் இசையமைத்தார். முதுமையடைந்த அப்பெண் தன் பேர்த்தியுடன் பேசும் ஒன்பதாவது விடப்பட்டது. எட்டாவதிலே கணவன் இறக்கின்றான். பாட்டு ஓய்ந்ததும் பியானோ முதற் பாடலின் இசையை மீளக் கொணர்கின்றது. கலை நிலையில் இது உன்னதமான முடிவு. கருத்துநிலையிலோ, கணவனுக்குப் பின் பெண்ணுக்கு நினைவைத் தவிர வேறு வாழ்வில்லை என்பதே அதன் பொருளாகும்.

உண்மையான மனைவியின் வரலாறு வேறு. கிளாராவின் பியானோக் கொன்சேட்டோ 1835இல், அவரது பதினாறாம் வயதில், மெண்டல்சோனின் நெறியாள்கையிலே அரங்கேறியது. ஆயினும் பெண்ணொருத்தி இசையியற்ற விழையலாகாதென 1839இல் அவரே நாட்குறிப்பில் எழுதினார். மணத்தின்பின் கணவர் இசையியற்றும் நேரங்களில் அவரது பயிற்சி நின்றது. 1841இல் இருவரும் சேர்ந்து வெளியிட்ட பன்னிரு பாடல்களுள் மூன்று அவருடையவை. எவை எவருடையவையெனப் பதிப்பு வேறுபடுத்திக் காட்டவில்லை. அவரை எழுதத் தூண்டியவர் ஷூமானே. பிள்ளைகளும் கற்பனையுலகில் வாழும் கணவனும் இருக்கையில் அவரால் இசையியற்ற இயலவில்லை என 1843இல் குறித்தவரும் அவரே. அன்பு குறைவின்றி இருந்தது. வேலைப் பிரிவினையோ மாறவில்லை. எட்டுப் பிள்ளைகளைப் பெற்ற கிளாரா, 1854இல் கணவர் மனநோய் மனை புகுந்தபின் கச்சேரிகளாற் குடும்பத்தைத் தாங்கினார். 1856க்குப் பின் அவர் இயற்றியவை மிகச் சிலவே. நாற்பதாண்டு விதவை வாழ்வில் வாசித்தார், 1878 முதல் பிராங்பேர்ட்டிலே கற்பித்தார், கணவரின் ஆக்கங்களைப் பதிப்பித்தார். பாடற்றொகுதியிலே விடப்பட்ட முதுமை, வாழ்க்கையில் உழைப்பாகவே கழிந்தது.

காதல் இசையைத் தூண்டுமென்பதை மறுக்கவேண்டியதில்லை. எனினும் ஒரே காதல் ஒருவரை 140 பாடல்களுக்கும் மற்றவரைப் படிப்படியான மௌனத்துக்கும் இட்டுச்சென்றதேன் என்ற வினாவுக்குக் காதல் விடை தராது; குடும்ப அமைப்பும் சந்தையும் கருத்துநிலையுமே விடை தரும். கிளாரா எழுதியவற்றையும் எழுதவியலாது போனவற்றையும் கணக்கிற் கொள்ளாமல் 1840ஆம் ஆண்டினைப் 'பாடல் ஆண்டு' எனப் போற்றுதல் பாதி வரலாறேயாகும்.