காலிக் கட்டமும் ஆரஞ்சு மீனும்

பெரிய நிறுவனங்களின் பட்ஜெட், கணக்கு ஒருங்கிணைப்பு மென்பொருள்களை ஒப்பிட்டு அட்டவணை போடச் சொன்னால் எந்த ஆலோசகரும் அரை நாளில் போட்டுக் கொடுத்துவிடுவார். இடப்பக்கம் வசதிகளின் பட்டியல். மேலே ஹைப்பீரியன், டிஎம்1, அனாப்ளான், ஒன்ஸ்ட்ரீம், டாகெடிக் என்று பெயர்கள். நடுவில் முழுக்க டிக். பல நாணயக் கணக்கு உண்டா? டிக். இன்டர்கம்பெனி எலிமினேஷன்? டிக். எக்செல் இணைப்பு? அழுத்தமாகவே டிக். அதில் பொய் எதுவும் இருக்காது. படித்து முடித்த பிறகும் எதை வாங்குவது என்பது மட்டும் தெரியாது.

இந்தத் தொழிலில் பல வருடம் புழங்கிய எனக்கு வேறொரு வழி பழகிவிட்டது. எதுவும் எழுதப்படாத ஒரு கட்டத்தை அந்த மென்பொருள் என்ன செய்கிறது என்று பார்ப்பேன். அதைச் செய்தவர்கள் எந்த வேலையை மனத்தில் வைத்துச் செய்தார்கள், எதற்குப் பயந்தார்கள் என்பது அங்கே தெரிந்துவிடும்.

ஒரு துணை நிறுவனம் ஏப்ரலில் வாடகை வருமானம் 100 என்று அனுப்பியிருக்கிறது. மே மாதக் கோப்பில் அந்த வரியே இல்லை. மே மாத நிலவரம் என்ன? மே மாதத்தில் வாடகை வரவில்லை, ஆகவே ஆண்டுத் தொடக்கத்திலிருந்து இன்றுவரையான கூட்டு 100 அப்படியே நிற்கிறது என்பது ஒரு பதில். வந்த கோப்பே இன்றுவரையான கூட்டுக் கணக்குதான், அதில் வரி இல்லையென்றால் கூட்டே பூஜ்யம், ஆகவே மே மாதத்துக்கு மைனஸ் 100 என்பது இன்னொரு பதில். கோப்பு எந்த முறையில் வருகிறதோ அதற்கேற்ப இரண்டுமே சரிதான்.

ஹைப்பீரியன் ஃபைனான்ஷியல் மேனேஜ்மென்ட், தொழிலில் எல்லோர் வாயிலும் எச்எஃப்எம், இந்தக் கேள்விக்குத் தானாக ஒரு விடையை எடுத்துக்கொண்டு அதை மறைத்துவைக்கவில்லை. 'ஸீரோ வியூ' என்றொரு அமைப்பு அதில் உண்டு. காலியாக வந்த மாதத்தை மாதக் கணக்கில் பூஜ்யமாகக் கொள்வதா, ஆண்டுக் கூட்டில் பூஜ்யமாகக் கொள்வதா என்று, அசல், பட்ஜெட், ஃபோர்காஸ்ட் ஒவ்வொன்றுக்கும் நாமே சொல்லிவைக்கலாம். நான் ரசிப்பது அதற்கு அடுத்த படியை. அந்த அமைப்பு இரண்டாக இருக்கிறது: ஏற்றிய எண்களுக்கு ஒன்று, ஜர்னல் திருத்தங்களுக்குத் தனியாக ஒன்று.

எதற்குத் தனியாக? ஏப்ரல் முடிவில் ஒரு செலவுக்கு ஒதுக்கீடு செய்து ஜர்னல் போடுகிறோம். மே மாதத்தில் அதைப் போடவில்லை. ஆண்டுக் கூட்டில் பூஜ்யம் என்று வைத்திருந்தால் ஏப்ரல் ஒதுக்கீடு மே மாதத்தில் தானாகவே ரத்தாகிவிடும். மாதக் கணக்கில் பூஜ்யம் என்று வைத்திருந்தால் ஆண்டு முடியும்வரை நிற்கும். எண்ணுக்கு ஒரு நியதி, திருத்தத்துக்கு வேறு நியதி என்பது இரவு பதினொரு மணிக்கு க்ளோஸிங் வேலையில் உட்கார்ந்து பார்த்தவருக்குத்தான் தோன்றும்.

எச்எஃப்எம்மின் பங்காளியான எஸ்பேஸ் வேறு வீட்டில் பிறந்தது. ஆர்பர் என்ற நிறுவனம் 1992-ல் வெளியிட்ட பல்பரிமாணத் தரவுத்தளம் அது. கணினி அறிஞர் எட்கர் காட் குழுவினர் 1993-ல் ஓலாப் என்ற பெயரோடு பன்னிரண்டு விதிகளை முன்வைத்ததும் ஆர்பரின் ஆதரவில்தான். 1998-ல் ஆர்பரும் ஹைப்பீரியனும் ஒன்றாயின. எஸ்பேஸ் காலிக் கட்டத்துக்கு '#மிஸ்ஸிங்' என்று தனி மதிப்பே கொடுத்துவிட்டது. அதன் கணக்குமுறையைப் பாருங்கள். 100-உடன் மிஸ்ஸிங்கைக் கூட்டினால் 100. 100-ஐ மிஸ்ஸிங்கால் பெருக்கினால் மிஸ்ஸிங். கிளைகளின் விற்பனையைக் கூட்டும்போது ஒரு கிளையிலிருந்து எண் வராவிட்டால் மற்றவற்றைக் கூட்டிக்கொண்டு போகலாம். விலையை அளவால் பெருக்கும்போது அளவே தெரியாதென்றால் விற்பனையும் தெரியாதது. அதைப் பூஜ்யம் என்று எழுதினால் பொய். கூட்டலுக்கும் பெருக்கலுக்கும் நடுவே இந்த வித்தியாசத்தை எஞ்சினுக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள்.

பட்ஜெட் போடுபவர்களுக்கு அதில் இன்னொரு சௌகரியம். தென் மண்டலத்துக்கு 500 என்று தலைமையகம் இலக்கை மேலேயே எழுதிவிடுகிறது. கீழே உள்ள ஊர்கள் இன்னும் எதையும் நிரப்பவில்லை. இப்போது கூட்டல் ஓடினால் 500 அழிய வேண்டுமா, நிற்க வேண்டுமா? அதற்கென்று ஒரு அமைப்பு உண்டு. தொட்டுப் பார்க்காமல் விட்டால் 500 நிற்கும். கீழிருந்து வெறுமை மட்டுமே வந்தால் மேலே எழுதியதை அழிக்காது.

டிஎம்1 இதற்கு நேர் எதிர். எக்ஸான் நிறுவனத்தில் வேலை பார்த்த மேனி பெரெஸ் 1980-களின் தொடக்கத்தில் உருவாக்கியது அது. கைமாறிக் கைமாறி இப்போது ஐபிஎம் பிளானிங் அனலிட்டிக்ஸ் என்ற பெயரில் இருக்கிறது. பழைய ஆட்கள் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. இதைப் பற்றி ஓர் ஆவணப்படமே எடுத்திருக்கிறார்கள். கணக்கு மென்பொருளுக்கு ஆவணப்படம் எடுக்கும் அளவுக்குப் பக்தர்கள்! பெரெஸின் யோசனை தைரியமானது: எல்லா எண்களையும் ரேமில் வைத்துக்கொள்வது, கூட்டுத்தொகையை யாராவது கேட்கும்போது மட்டும் போடுவது. ரேம் பொன் விலை விற்ற காலத்தில் இது நடக்க வேண்டுமானால் ஒரு கட்டத்தைக்கூட வீணாக்க முடியாது. ஆகவே டிஎம்1-க்குப் பூஜ்யமும் ஒன்றுதான், காலியும் ஒன்றுதான். பூஜ்யம் என்று எழுதினால் அந்தக் கட்டமே நினைவகத்திலிருந்து போய்விடும். வித்தியாசம் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் விதிக் கோப்பில் ஒரு சொல் எழுதி வாங்கிக்கொள்ளலாம். அதை அவ்வளவாக யாரும் செய்வதில்லை.

இந்தச் சிக்கனத்திலிருந்து பிறந்ததுதான் ஃபீடர் என்ற விஷயம். டிஎம்1 கூட்டும்போது காலிக் கட்டங்களைத் தாண்டிப் போகிறது. அதன் வேகமே அதில்தான் இருக்கிறது. ஆனால் விதியால் கணக்கிடப்படும் கட்டத்தில் சேமித்த எண் எதுவும் இல்லை. அதையும் காலி என்று நினைத்துத் தாண்டிவிட்டால் மொத்தம் தப்பாகும். ஆகவே எந்தக் கட்டத்தில் எண் இருந்தால் எந்தக் கட்டத்தை எட்டிப் பார்க்க வேண்டும் என்று நாமே எழுதித் தருகிறோம். விற்பனை என்பது அளவு பெருக்கல் விலை. இங்கே ஃபீடரை அளவிலிருந்து எழுதுவதா, விலையிலிருந்தா? புதிதாக வந்தவர் எதிலிருந்து வேண்டுமானாலும் எழுதுவார். கைதேர்ந்தவர் அளவிலிருந்து எழுதுவார். விலைப்பட்டியல் எல்லாப் பொருளுக்கும் எல்லா மாதமும் நிரம்பியிருக்கும். அளவோ விற்ற இடத்தில் மட்டும் இருக்கும். விலையிலிருந்து எழுதினால் விற்காத பொருளையெல்லாம் எஞ்சின் எட்டிப் பார்த்து ரேமைத் தின்னும். தொழில் அறிவும் எஞ்சின் அறிவும் ஒரே வரியில் சேர வேண்டிய இடம் இது.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். ஃபீடரை எழுத மறந்தால் டிஎம்1 பிழைச்செய்தி காட்டுவதில்லை. கீழே எண் சரியாகத் தெரியும், மேலே கூட்டுத்தொகை குறைவாக இருக்கும், அவ்வளவுதான். சரிபார்க்கக் கருவி உண்டு. சந்தேகம் வந்தால்தானே அதைத் திறப்போம்.

அனாப்ளான் 2006-ல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், ஒரு பழைய கல் தானியக் கொட்டகையில், மைக்கேல் கோல்டு தொடங்கியது. 2022-ல் தோமா ப்ராவோ என்ற முதலீட்டு நிறுவனம் அதைச் சுமார் 1,040 கோடி டாலருக்கு வாங்கியது. அதன் மூல எஞ்சினில் எண் கட்டம் என்றால் அதில் எண் இருந்தே தீரும்; எழுதாவிட்டால் பூஜ்யம். தேதியோ எழுத்தோ காலியா என்று கேட்க ஃபங்ஷன் உண்டு, எண்ணைக் கேட்க முடியாது. 'இந்தக் கிளை பூஜ்யம் என்று எழுதியதா, எழுதவே இல்லையா' என்று தெரிய வேண்டுமானால் பக்கத்தில் ஆம்-இல்லை என்று ஒரு டிக் கட்டம் தனியாக வைக்க வேண்டும். முதலில் இது எனக்கு ஒப்பவில்லை. இப்போது அதில் ஒரு நேர்மை தெரிகிறது: மௌனத்துக்கு அர்த்தம் கற்பிக்கும் பொறுப்பை மென்பொருள் ஏற்கவில்லை, மேலாளர் கையாலேயே 'முடித்துவிட்டேன்' என்று டிக் போட வைக்கிறது. காலிக் கட்டமும் இடத்தை அடைக்கும் என்பதுதான் அதற்கு அவர்கள் கொடுத்த விலை. பிறகு போலாரிஸ் என்ற இரண்டாவது எஞ்சினைக் கொண்டுவந்துதான் அந்தப் பாரத்தைக் குறைத்தார்கள்.

எண் உள்ளிடும் சுகத்தில் இந்த இரண்டுக்கும் நல்ல போட்டி. டிஎம்1-ல் ஆண்டு மொத்தக் கட்டத்தில் 'எஸ்1200' என்று ஆங்கில எழுத்தில் தட்டினால் பன்னிரண்டு மாதத்துக்கும் நூறு நூறாகப் பிரியும். 'பி1200' என்றால் ஏற்கெனவே இருக்கும் எண்களின் விகிதத்தில் பிரியும். பத்தாயிரத்துக்கு '10கே' போதும். பூஜ்யத்தை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். அனாப்ளானில் ப்ரேக்பேக் வசதியைப் போட்டுவைத்தால் குறியீடே வேண்டாம். மொத்தத்தை மாற்றினால் போதும், கீழே விகிதத்தில் பிரிந்துவிடும். ஏதாவது ஒரு மாதம் அசையக்கூடாதென்றால் அதை மட்டும் பிடித்துவைக்கலாம். அனாப்ளான் முறையை யாரும் உடனே கற்றுக்கொள்வார்கள். வேகமாகத் தட்டும் கைக்கு டிஎம்1 முறை. என் ஓட்டு டிஎம்1-க்கு.

கணக்கு ஒருங்கிணைப்புக்கு வருவோம். இந்தியாவில் பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்கள் 2019-20 நிதியாண்டிலிருந்து காலாண்டுதோறும் ஒருங்கிணைந்த கணக்கையும் வெளியிட வேண்டும். முதல் மூன்று காலாண்டுகளுக்குக் கிடைப்பது 45 நாள். அந்த அவசரத்தில் ஓர் எண் எங்கிருந்து வந்தது என்று ஆடிட்டர் கேட்டால் பதில் கையில் இருக்க வேண்டும்.

எச்எஃப்எம்மில் 'வேல்யூ' என்று ஒரு பரிமாணம் இருக்கிறது. ஒரு கிளையின் ஒரே எண் அதில் படிப்படியாக நிற்கும்: சொந்த நாணயத்தில், அதன்மேல் திருத்தம், தாய் நிறுவனத்தின் நாணயத்தில், சேர்க்கப்பட்ட விழுக்காட்டில், எலிமினேஷன், கடைசியில் குழுமக் கணக்குக்கு அதன் பங்களிப்பு. சாதாரண எக்செல் வேலையில் இந்தப் படிகளெல்லாம் ஃபார்முலாவுக்குள் கரைந்து போகும். இங்கே ஒவ்வொரு படியும் விலாசம் உள்ள கட்டம். எந்தப் படியில் தப்பு நுழைந்தது என்று விரல் வைத்துக் காட்டலாம்.

அதில் எலிமினேஷன், அதாவது குழுமத்துக்குள்ளேயே நடந்த விற்பனையைக் கழிப்பது, நடக்கும் இடம் இன்னும் நயமானது. சிங்கப்பூர்க் கிளையும் மலேசியக் கிளையும் ஆசியப் பிரிவின் கீழ் இருக்கின்றன, ஜெர்மன் கிளை ஐரோப்பியப் பிரிவின் கீழ் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சிங்கப்பூர் மலேசியாவுக்கு விற்றது ஆசிய மட்டத்திலேயே கழிந்துவிடும். ஜெர்மனிக்கு விற்றது ஆசியக் கணக்கில் அப்படியே நிற்கும், உச்சியில்தான் கழியும். இருவருக்கும் பொதுவான முதல் பெற்றோரிடம்தான் கழிப்பது என்பது விதி. ஆசியப் பிரிவைத் தனியாகப் பார்த்தால் ஜெர்மனி அதற்கு அந்நியர்தானே. சிங்கப்பூர் 100 வர வேண்டும் என்கிறது, மலேசியா 98 தர வேண்டும் என்கிறது. இந்த 2 என்ன ஆகும்? ப்ளக் என்ற கணக்கில் போய் உட்காரும். இரண்டு பக்கமும் ஒத்துப்போனால் ப்ளக் பூஜ்யத்தில் நிற்கும். குழுமத்துக்குள் யார் யாரோடு ஒத்துப்போகவில்லை என்பதற்கு இதைவிடச் சுருக்கமான அறிக்கை கிடையாது.

ஒன்ஸ்ட்ரீம் இந்த மரபின் வாரிசு. அதன் நிறுவனர்களில் ஒருவரான டாம் ஷே முன்பு அப்ஸ்ட்ரீம் என்ற நிறுவனத்தை நடத்தி, 2006-ல் ஹைப்பீரியனுக்கு விற்றவர். ஸீரோ வியூவின் அந்த இரட்டை அமைப்பு ஒன்ஸ்ட்ரீமிலும் உண்டு. அவர்கள் கூடுதலாகச் சேர்த்தவற்றில் எனக்குப் பிடித்தது 'ஆரிஜின்' பரிமாணம். கோப்பிலிருந்து ஏற்றியது ஓர் அடுக்கு, படிவத்தில் கையால் எழுதியது வேறு அடுக்கு, ஜர்னல் இன்னொன்று, எலிமினேஷன் இன்னொன்று. இருப்பாய்வை மறுபடி ஏற்றினாலும் கையால் எழுதிய எண் அழியாது. மாதக் கடைசியில் மூன்றாவது தடவையாகக் கோப்பை ஏற்றும் ஒருவருக்கு இந்த வசதியின் அருமை தெரியும்.

அப்ஸ்ட்ரீம்காரர்கள் இன்னொன்றும் விட்டுப்போனார்கள். அவர்களுடைய தரவேற்றக் கருவியில் ஒவ்வொரு படிக்கும் ஒரு மீன் படம். படி வெற்றியானால் மீன் ஆரஞ்சு நிறம், ஆகாவிட்டால் சாம்பல் நிறம். ஹைப்பீரியனை 2007-ல் சுமார் 330 கோடி டாலருக்கு ஆரக்கிள் வாங்கிய பிறகு, கருவியை அடியோடு மாற்றி எழுதியபோதும் மீனை விட்டுவைத்தார்கள். சிரிப்பதற்கு இடமில்லாத ஒரு துறையில் யாரோ மீன் வரைந்தார், வந்த முதலாளிகளும் அதை அழிக்கவில்லை.

அந்த 2007 விசித்திரமான ஆண்டு. ஆரக்கிள் ஹைப்பீரியனை வாங்க, எஸ்ஏபி அவுட்லுக்சாஃப்ட்டை வாங்க, காக்னோஸ் டிஎம்1-ஐ வைத்திருந்த ஆப்ளிக்ஸை வாங்க, அந்தக் காக்னோஸையே வாங்குவதாக ஐபிஎம் அறிவித்தது. எஸ்ஏபியின் கருவியையும், இத்தாலியின் லூக்காவில் பிறந்து 2017-ல் வோல்டர்ஸ் க்ளூவரிடம் சேர்ந்த டாகெடிக்கையும் இங்கே விரித்து எழுதாததற்குக் காரணம், நான் அவற்றில் அவ்வளவு நாள் வாழவில்லை என்பதுதான்.

கேட்பவர்களுக்கு என் தீர்ப்பு இது. சட்டப்படியான குழுமக் கணக்கு முதன்மை வேலை என்றால் எச்எஃப்எம் மரபில் வந்த கருவியை எடுங்கள். இன்று புதிதாக வாங்குபவருக்கு அது பெரும்பாலும் ஒன்ஸ்ட்ரீம்தான். ஆழமான திட்டமிடலும் அதைக் கட்டிக் காக்க ஒரு நல்ல ஆளும் இருந்தால் டிஎம்1. கணக்குத் துறைக்கு வெளியே விற்பனை, ஆள்சேர்ப்பு என்று பல பேர் தாங்களே மாடல் கட்டப்போகிறார்கள் என்றால் அனாப்ளான். எதுவானாலும், கையெழுத்திடுவதற்கு முன் உங்கள் அலுவலகத்தில் மாதாமாதம் க்ளோஸிங் செய்யும் இளையவரை டெமோவுக்கு அழைத்துப் போய், மவுஸை அவர் கையில் கொடுக்கச் சொல்லுங்கள்.