பந்து எறிந்தால் உறவு வருமா?

ஆசிரியர் பயிற்சிப் பட்டறைகளுக்குப் போனவர்களுக்கு இந்தக் காட்சி புதுசு இல்லை. காலையில் எல்லாரையும் வட்டமாக நிற்கச் சொல்வார்கள். ஒரு பந்து வரும். அது யார் கைக்கு வருகிறதோ அவர் தன் பெயரையும் பிடித்த பழத்தையும் சொல்ல வேண்டும். இருபத்தைந்து வருஷ அனுபவம் உள்ள தலைமையாசிரியர் "சப்போட்டா" என்று சொல்லிவிட்டுச் சங்கடமாகச் சிரிப்பார். கைதட்டல். பங்கேற்பாளர்களோடு உறவு ஏற்பட்டாச்சு என்று கருத்தாளர் முதல் ஸ்லைடுக்குப் போய்விடுவார்.

விளையாட்டு மேல எனக்குப் புகார் இல்லை. தூக்கமாவது கலையும். ஆனால் பழத்தின் பெயர் தெரிந்துகொண்டதை உறவு என்று கணக்கில் எழுதுவதுதான் இடிக்கிறது. அந்தத் தலைமையாசிரியர் பள்ளியில் எத்தனை பேர் படிக்கிறார்கள், போன பயிற்சியில் கொடுத்த அட்டைகள் வகுப்பில் பயன்பட்டதா, இதையெல்லாம் மாலை வரை யாரும் கேட்பதில்லை.

பாவ்லோ ஃப்ரெய்ரே பெயரைச் சொல்லாத பயிற்றுநர் குறைவு. 1963இல் பிரேசிலின் அங்கிகோஸ் ஊரில் சுமார் 300 பேருக்கு 40 மணி நேரத்தில் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தார் என்பார்கள். அந்த 40 மணி நேரம் மட்டும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது. வகுப்பு தொடங்கும் முன்பே அவருடைய குழு ஊருக்குள் போய், மக்களோடு பேசி, அவர்கள் வாயில் புழங்கும் சொற்களைத் திரட்டியது. பாடத்துக்கான சொற்களைத் தேர்ந்தெடுத்தது அதற்குப் பிறகுதான். அந்த உழைப்பு 40 மணிக் கணக்கில் வராது. நாம் வகுப்பறை நேரத்தைப் பிடித்துக்கொண்டு, அதற்கு முன்னால் நடந்த அலைச்சலை விட்டுவிட்டோம். வட்டமாக உட்கார வைப்பது மட்டும் மிச்சம்!

சரி, நம் ஊர்க் கருத்தாளரும் அப்படிச் செய்யலாமே என்று கேட்கலாம். அவரைத் திட்டுவது சுலபம். அவர் நிலைமையைப் பாருங்க. கட்டகம் மாநில அளவில் தயாராகும். மாவட்டத்தில் சிலருக்குப் பயிற்சி, அவர்கள் வழியாக வட்டார வள மையத்துக்கு வரும். கடைசிப் படியில் நிற்பவர் கட்டகத்தில் ஒரு பக்கத்தைக்கூட மாற்ற முடியாது. "என் வகுப்பில் அஞ்சு வகுப்புப் பிள்ளைகளும் ஒண்ணா உட்கார்றாங்க, இந்தச் செயல்பாட்டை எப்படிங்க நடத்துறது?" என்று ஒரு டீச்சர் கேட்டால், அவரிடம் இருக்கிற பதில் "மேல சொல்றேன் டீச்சர்" என்பதுதான். இது இரண்டாவது தடவை நடந்தால் அந்த டீச்சர் அப்புறம் கேட்கவே மாட்டார். கருத்தாளர் நல்லவரா, சிரித்த முகமா என்பதெல்லாம் அங்கே உதவாது. கேட்டதை வைத்து எதையாவது மாற்றும் அதிகாரம் இல்லாதவரோடு எவ்வளவு தூரம் உறவு வளரும்?

கடைசி நாள் பின்னூட்டப் படிவம் வேறு. பயிற்சியை மதிப்பிட நான்கு நிலைகளை டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959இல் முன்வைத்தார். பங்கேற்பாளரின் எதிர்வினை, கற்றது, வேலையில் வந்த மாற்றம், விளைவு. பெரும்பாலான இடங்களில் முதல் நிலையோடு வண்டி நின்றுவிடுகிறது. அதிலும் படிவத்தில் பெயர், பள்ளி, செல்பேசி எண் எல்லாம் கேட்டால் யார் உண்மையை எழுதுவார்? 'மிக நன்று' தான். அன்பாகப் பேசிய கருத்தாளருக்கு அன்பாக ஒரு டிக். அதை உறவின் அத்தாட்சியாக அறிக்கையில் சேர்த்துவிடுவார்கள்.

இதில் யார் நஷ்டப்படுகிறார்கள் என்று பார்க்க ஓர் ஈராசிரியர் பள்ளிக்குப் போனால் போதும். ஒருவர் பயிற்சிக்குப் போன நாளில் மற்றவர் ஐந்து வகுப்பையும் பார்த்துக்கொள்வார். அன்றைக்குப் பாடம் நடப்பது சிரமம். பிள்ளைகள் கொடுத்த அந்த ஒரு நாளுக்கு ஈடாக டீச்சர் எதைக் கொண்டுவருகிறார்?

பெரிய சீர்திருத்தம் எல்லாம் நான் கேட்கவில்லை. பங்கேற்பாளர் பட்டியல் முன்கூட்டியே கையில் இருக்கிறது. அதில் ஐந்து பேருக்குப் போன் போட்டு வகுப்பில் எது ஓடவில்லை என்று கேட்கலாம். ஒரு நாளில் ஒரு மணி நேரத்தைக் கட்டகத்துக்கு வெளியே, கருத்தாளர் பொறுப்பில் விடலாம். பின்னூட்டப் படிவத்தில் பெயரை எடுத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி சேர்க்கலாம்: நீங்கள் சொன்னதைக் கேட்டு இந்த இரண்டு நாளில் கருத்தாளர் எதையாவது மாற்றினாரா? ஆம் என்றால், எதை?