நீரோரக் கணக்கெடுப்பும் அதன் பாதுகாப்புக் குறிப்பும்

நீர்நிலைகளில் கணக்கெடுக்கப் போகிறவர்களுக்குக் கொடுக்கும் பாதுகாப்புக் குறிப்புகளைக் கொஞ்ச நாளாகச் சேர்த்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். பறவை எண்ணுவது, தண்ணீர் மாதிரி எடுப்பது, ஆழம் அளப்பது என்று வேலை எதுவானாலும் குறிப்பு ஏறக்குறைய ஒன்றுதான். பெரும்பாலானவை குளிர் நாட்டிலிருந்து இறங்கியவை. சில்லென்ற நீரில் விழுந்தால் மூச்சு எப்படித் திணறும், கைகால் எப்படி விறைக்கும் என்று விரிவாக இருக்கும். அந்த ஊரில் அது உயிர் காக்கிற பக்கம், குறை சொல்ல மாட்டேன். ஆனா ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்காகச் செங்கல்பட்டுப் பக்கம் ஏரியில் நிற்கிறவருக்கு அதனால் என்ன பயன்?

நம்ம ஏரியில் ஆபத்து குளிரில் இல்லை, தரையில் இருக்கு. கரையோரம் ஆழம், உள்வாய்ப் பக்கம் மேடு. இது ஊரில் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. அந்தக் கணக்கைக் கெடுப்பது மண் எடுத்த குழிகள். வண்டல், சவுடு என்று ஜேசிபி தோண்டிய இடம் கோடையில் கண்ணுக்குத் தெரியும். மழைக்கு அப்புறம் எல்லாமே முழங்கால் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். அடுத்த அடியில் ஆள் மூழ்கும். ஓரம் செங்குத்து, களிமண் வழுக்கும், பிடித்து ஏற ஒன்றும் இருக்காது. நான் படித்த குறிப்புகளில் இதற்கு ஒரு வரிகூட இல்லை. ஆடு மேய்க்கிறவரிடமோ வலை போடுகிறவரிடமோ "எங்கண்ணே மண்ணு அள்ளுனாங்க?" என்று கேட்க ஐந்து நிமிஷம் போதும்.

'லைஃப் ஜாக்கெட் அணியவும்' என்பது இன்னொரு அரைகுறை வரி. எந்த ஜாக்கெட்? 50 நியூட்டன் மிதவை, நீச்சல் தெரிந்து நினைவோடு இருப்பவருக்கான துணை. மயங்கியவரை மல்லாக்கத் திருப்ப அது போதாது. அதற்கு 150 நியூட்டன் மாதிரியான வகை வேணும். பட்டியை இறுக்கவில்லை என்றால் அதுவும் தலைவழியே கழன்றுவிடும்.

நல்லதையும் சொல்லணும். கம்பை நீட்டு, கயிறு எறி, நீயாக இறங்குவது கடைசி என்ற வரிசை எல்லாக் குறிப்பிலும் இருக்கிறது. காப்பாற்றப் போனவரும் சேர்ந்து மூழ்கிய செய்தியை நாம் வாசிக்காத கோடை உண்டா?

என் பெரிய குறை வேறு. ஆளைத் தண்ணீருக்குள் தள்ளுவது கணக்கெடுப்புத் திட்டம்தான். அறையில் உட்கார்ந்து செயற்கைக்கோள் படத்தில் புள்ளி வைப்பார்கள். பாதிப் புள்ளி சேற்றில் விழும். ஒரு நாளைக்கு இத்தனை புள்ளி, புள்ளிக்கு இவ்வளவு கூலி. 'இருவராகச் செல்லவும்' என்று குறிப்பு சொல்லும். பட்ஜெட்டில் ஒருத்தருக்குத்தான் படி இருக்கும். இரண்டு பேர் போனாலும் ஆளுக்கொரு கரையாகப் பிரிந்தால் இரண்டு பேருமே தனி ஆள்தான்.

படிவத்தில் 'போக முடியவில்லை' என்று ஒரு கட்டம் இருக்கிறதா என்றுதான் நான் முதலில் தேடுவேன். விடுபட்ட புள்ளியைக் காரணத்தோடு பதிவது புள்ளியியலில் முறையான தகவல். கட்டமே இல்லாவிட்டால் வேலை முடிக்காதவர் என்று பெயர் வரும். அதற்குப் பயந்து ஒருவர் இடுப்பளவு சேற்றில் இறங்குவார், இன்னொருவர் கரையில் நின்றே ஒரு எண்ணைப் போட்டுவிடுவார். நான் பார்த்தவற்றில் ஒரே ஒரு படிவத்தில் அந்தக் கட்டம் இருந்தது, காரணம் எழுத இடமும் விட்டிருந்தார்கள். உங்களிடம் அப்படி வேறு இருந்தால் அனுப்புங்கள், பார்க்கணும்.