பழம்படங்களும் திருகோணமலையின் நீலமும்

கறுப்பு வெள்ளை ஒளிப்படத்துக்கு வண்ணமேற்றும் கலையை ரசிப்பவர்கள் பெரும்பாலும் அதன் முடிவை மட்டுமே பார்க்கிறார்கள். ஆனால் அந்தக் கலையின் பெரும்பகுதி, தூரிகையைக் கையில் எடுப்பதற்கு முன்னரே நடந்து முடிந்துவிடுகிறது. படத்தில் இருப்பவர் யார், இடம் எது, பருவம் எது, வேளை எது, எவ்வகை ஒளியுணர் பூச்சில் அது பதிவாயிற்று என்பவற்றை ஒவ்வொன்றாக அடையாளம் காணும் வேலையே அந்தப் பெரும்பகுதி. இதைக் கற்றுக்கொள்ளத் திருகோணமலைத் துறைமுகப் பகுதியின் பழம்படங்கள் மிகவும் உகந்தவை. மௌனப் பட நட்சத்திரத்தின் முகத்தையோ சேலையையோ இன்று நேரில் கண்டு ஒப்பிட வழியில்லை. ஆனால் இங்கே கோணேசர் மலையும் பிரெட்ரிக் கோட்டையும் உட்துறைமுகமும் இருந்த இடத்திலேயே இருப்பதால், வண்ணக்காரர் செய்தது சரியா என்பதை எவரும் போய்ப் பார்த்துச் சொல்லிவிட முடியும்.

முதலில் அறிய வேண்டியது, பழைய படத்தின் சாம்பல் நிறம் மனிதக் கண் காணும் வெளிச்சத்தின் அளவு அன்று என்பதுதான். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வழங்கிய ஈரக் கொலோடியன் தகடுகள், அதாவது கண்ணாடியில் இரசாயனப் பசையைப் பூசி அது காய்வதற்குள் படமெடுத்துக் கழுவ வேண்டிய தகடுகள், நீல ஒளியையும் அதற்கப்பாலுள்ள புற ஊதாக் கதிரையும் மட்டுமே நன்கு உணர்ந்தன. 1873இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஹெர்மான் ஃபோகல், சாயங்களைச் சேர்த்தால் பூச்சு பச்சையையும் உணரும் என்று கண்டபின் ஓர்த்தோகுரோமட்டிக் எனப்படும் தகடுகள் பரவின. அவையும் சிவப்பைக் காணாதவை. எல்லா நிறங்களையும் உணரும் பான்குரோமட்டிக் தகடுகள் 1906 முதல் விற்பனைக்கு வந்தபோதிலும், திரைப்படச் சுருள்களில் அவ்வகைப் பூச்சு வழக்கமானது 1920களின் பிற்பகுதியில்தான். ஆகவே ஒரு பழம்படத்தில் கறுப்பாக இருக்கும் தொப்பி துருக்கித் தொப்பியின் கருஞ்சிவப்பாக இருக்கலாம்; கறுப்புச் சேலை அரக்குச் சேலையாகவும், கறுத்த பொட்டு குங்குமமாகவும் இருக்கலாம்; வெளிறிய துணி நல்ல நீலமாகவே இருந்திருக்கலாம். வானம் வெறும் வெள்ளைத் தாளாகக் கிடப்பதும், கரையோரக் காடு மைப்பிழம்பாகத் தெரிவதும் இதே காரணத்தாலேயே. உலர்வலயக் கரையில் வளரும் பாலையும் வீரையும் கோடைக்காலத்தில் தூசி படிந்த ஆலிவ்ப் பச்சையில் நிற்பவை. சாம்பலின் கருமையை நம்பி அங்கே அடர்பச்சையைப் பூசுபவர் ஈரவலயத்தின் மழைக்காட்டைத் திருகோணமலைக்குக் கொண்டுவந்து வைத்துவிடுகிறார்.

இடத்தை அடையாளம் காண்பதில் இந்த ஊர் தாராளமாகக் கைகொடுக்கிறது. போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் கோணேசர் கோயிலை இடித்தபின் மலையுச்சி நெடுங்காலம் வெறுமையாகவே இருந்தது. இன்றைய கோயிலின் குடமுழுக்கு 1963இல் நடந்தது. எனவே ஒற்றைக் கல்தூண் மட்டும் நிற்கக் கோயிற் கட்டடமே காணப்படாத உச்சியைக் காட்டும் படம், அந்தத் திருப்பணிக் காலத்துக்கு முந்தியது என்று தயங்காமல் சொல்லலாம். கப்பல்கள் இன்னும் நுட்பமாகப் பேசுகின்றன. கறுப்பு உடலும் வெள்ளை மேற்கட்டும் மங்கிய மஞ்சள் புகைபோக்கியுமாக இருந்த பிரித்தானியப் போர்க்கப்பல்கள் 1903ஐ ஒட்டிச் சாம்பல் நிறத்துக்கு மாறின. வெப்பநாட்டு நிலையங்களில் மட்டும் வெள்ளை உடல் பின்னரும் தொடர்ந்தது. அகலமான தொனி வேறுபாடு கொண்ட ஒரு கப்பல் உட்துறைமுகத்தில் நங்கூரமிட்டிருக்கக் கண்டால் அந்த ஆண்டை நினைவில் வைத்துத்தான் வண்ணத்தட்டைத் திறக்க வேண்டும். மாலுமிகளின் படமாயின் தொப்பி நாடாவை உருப்பெருக்கியில் பார்ப்பது முதல் வேலை: அமைதிக்காலத்தில் அதில் கப்பலின் பெயரே பொன்னிழை எழுத்தில் இருக்கும், இரண்டாம் உலகப் போரின்போது பாதுகாப்புக் கருதிப் பெயரை நீக்கி எச்.எம்.எஸ். என்ற மூன்றெழுத்தை மட்டும் விட்டார்கள். விரல் நகமளவு கூட இல்லாத ஒரு நாடா, படத்தின் காலத்தையும் ஆளின் இருப்பிடத்தையும் ஒருங்கே சொல்லிவிடும் அழகு வேறெந்த ஆவணத்திலும் அரிது.

பருவத்தைச் சொல்பவை வள்ளங்கள். கச்சான் எனப்படும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மேற்குக் கரை கொந்தளிக்க, கிழக்குக் கடல் அமைதியாகும். நீர்கொழும்புப் பக்கத்து மீனவர்கள் கிழக்கே வந்து வாடியமைத்துக் கரைவலை இழுப்பது அந்தப் பருவத்தில்தான். வாடைக்காற்றும் மாரி மழையும் வரும் மாதங்களில் அதே கடல் ஈயம்போலக் கறுத்துவிடும். கரையில் வலையும் வாடியும் நிறைந்திருக்கும் படத்துக்குப் பச்சை கலந்த தெளிந்த நீலமும், வள்ளங்கள் மேடேறிக் கிடக்கும் படத்துக்கு மங்கிய சாம்பல் நீலமும் ஏற்றுவது ஊகம் அன்று. படத்துக்குள்ளேயே கிடைக்கும் சான்றின்படி நடப்பதே அது. வேளையையும் இவ்வாறே கண்டுகொள்ளலாம். மலையின் செங்குத்து முகம் கிழக்கே திறந்த கடலை நோக்கியது. அங்கே வெயில் நேராக விழுந்திருந்தால் காலை, நிழல் தோய்ந்திருந்தால் மாலை. காலை வெளிச்சம் விழுந்த பாறைக்குப் பின்னால் கடல்மேல் அந்திச் செவ்வானம் விரிந்த படம் எத்தனை கவர்ச்சியாக இருந்தாலும் தள்ளத்தக்கதே, ஏனெனில் இந்தக் கரையில் சூரியன் கடலுக்குள் மறைவதில்லை.

இத்தகைய வானங்கள் மிகுதியாக வந்தது படத் தபாலட்டைகளின் காலத்தில். 1890இல் கொழும்பில் தொடங்கிய பிளாட்டே நிறுவனம் போன்றவை இலங்கைக் காட்சிகளை வண்ண அட்டைகளாக்கிக் கப்பற்பயணிகளுக்கு விற்றன. அக்காலத் தபாலட்டைகளில் பல ஐரோப்பிய அச்சகங்களில் வண்ணம் பெற்றவை. அங்கிருந்த வண்ணக்காரர் அந்தக் கடலைக் கண்டவர் அல்லர், குறிப்பாக எழுதி அனுப்பிய ஓரிரு சொற்களே அவருக்குத் துணை. ஆயினும் அந்த அட்டைகளை வெறும் பிழைகளாக ஒதுக்குவது நியாயம் ஆகாது. தென்னோலையின் நுனியில் மட்டும் தொட்டு வைத்த மஞ்சள், சுவரில் படிந்த நிழலுக்குக் கொடுத்த மெல்லிய ஊதா ஆகியவை, காணாத இடத்தையும் ஒளியின் பொது இலக்கணத்தால் எட்டிப்பிடிக்க முயன்ற தேர்ந்த கைகளின் வேலை.

உள்ளூர் ஸ்டூடியோக்களின் கைவண்ணம் இதனினும் நெருக்கமானது. வண்ணமேற்ற வேண்டிய படத்தை அவர்கள் வழக்கத்தைவிடச் சற்று வெளிறலாக அச்சிட்டு, பழுப்பு டோனுக்கு மாற்றிக்கொள்வார்கள். ஒளி ஊடுருவும் சாயத்துக்கு அடியில் கரிய வெள்ளி இருந்தால் நிறம் அழுக்கேறிவிடும் என்பதை அனுபவத்தால் அறிந்த முறை அது. மூங்கிற் குச்சியின் நுனியில் பஞ்சைச் சுற்றி எண்ணெய்ச் சாயத்தைத் தேய்த்துப் பரப்பி, மூக்கின் மேடு, கன்ன எலும்பு, நகையின் விளிம்பு ஆகிய இடங்களில் வேறொரு சுத்தமான பஞ்சால் துடைத்தெடுப்பார்கள். பூசியதைவிடத் துடைத்ததில்தான் முகம் எழும். நெகடிவில் பென்சிலால் செய்யும் திருத்தத்துக்கு டச்சிங் என்று பெயர். டச்சிங் மிகுந்த படத்தில் தோலின் இயல்பான ஏற்ற இறக்கம் போய்விடுவதால் பின்னாளில் வண்ணமேற்றுபவருக்குப் பற்றிக்கொள்ள எதுவும் இருப்பதில்லை.

மௌனப் பட நட்சத்திரங்களின் படங்களுக்கு வரும்போது இந்தச் சான்றுகள் ஏறக்குறைய எல்லாமே கைவிட்டுப் போகின்றன. இந்தியாவில் எடுக்கப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட மௌனப் படங்களில் எஞ்சியவை மிகச் சில. தமிழகத்தின் முதல் கதைப்படமான, நடராஜ முதலியாரின் கீசக வதம் இன்று இல்லை. ஆகவே ஒற்றை ஸ்டில் படமே பல நேரங்களில் முழுப் படத்துக்கும் சான்று. இராவணன் வெட்டு என்று ஒரு பாறைப்பிளவையே கதையாகக் காட்டும் கோணேசர் மலைக்கு உரிய எடுத்துக்காட்டு, இந்திய இயக்குநர் பால்கே 1917இல் எடுத்த லங்கா தகன். அதில் இராமனாகவும் சீதையாகவும் நடித்தவர் ஒருவரே, அண்ணா சாளுங்கே என்னும் ஆண் நடிகர். ஒப்பனையும் உடையும் வேறாக இருக்கும் இரண்டு ஸ்டில்களில் இருப்பவர் ஒருவர்தான் என்று நிறுவக் கண்ணையும் புருவத்தையும் நம்ப முடியாது. மையும் பசையும் மாற்றிவிடும் உறுப்புகள் அவை. மாறாதவை காதின் மடிப்பும், மணிக்கட்டின் எலும்பும், தோளின் திரட்சியும். ஓவியங்களின் ஆசிரியரைக் காதும் நகமும் தீட்டப்பட்ட விதத்தால் கண்டறிந்த 19ஆம் நூற்றாண்டு இத்தாலியர் ஜோவான்னி மொரெல்லியின் கண் இங்கே மிகவும் பயன்படுவது. இலங்கையின் முதல் கதைப்படமான ராஜகீய விக்கிரமய (1925) தீயில் அழிந்துபோனது. அதில் நடித்த என். எம். பெரேரா பின்னாளில் இடதுசாரித் தலைவராகவும் நிதியமைச்சராகவும் ஆனவர் என்பதால், அவருடைய முகத்துக்கு ஒப்பீட்டுப் படங்கள் நிறையவே உண்டு. அந்தப் படத்தின் ஸ்டில் எங்கேனும் கிடைத்தால் மேடைப் பேச்சாளரின் காதே இளம் நடிகரைக் காட்டிக்கொடுக்கும்.

சாளுங்கேயின் இராமனுக்கு என்ன மேனி வண்ணம் ஏற்றுவது என்பது இக்கலையின் கடினமான வினாக்களுள் ஒன்று. நீலமேனி என்று நாட்காட்டிப் படங்கள் பழக்கியிருக்கின்றன. சிவப்பைக் காணாத சுருளில் நீலச் சாந்தும் வெள்ளைப் பவுடரும் ஏறத்தாழ ஒரேபோல வெளிறித் தெரியும் என்பதால் ஸ்டில்லின் வெளிர்மை எதையும் முடிவுசெய்வதில்லை. தேர்ந்த வண்ணக்காரர் இறைவனுக்கு வண்ணமேற்றாமல், ஒப்பனையிட்டு நிற்கும் மனிதருக்கு ஏற்றுவார்: கழுத்தில் பவுடர் முடிந்து இயல்பான தோல் தொடங்கும் கோட்டைத் தேடிப் பிடித்து, இரண்டுக்கும் இரண்டு தொனி கொடுப்பார். மௌனப் படங்களில் நடித்து, 1931இல் வெளிவந்த காளிதாஸில் கதாநாயகியாகப் பேசிப் பாடிய டி. பி. ராஜலட்சுமியின் தொடக்ககாலப் படங்களுக்கும் இந்தக் கோடே நல்ல வழிகாட்டி. புதுக்கோட்டையில் பிறந்து பம்பாய் மௌனப் படங்களில் புகழ்பெற்ற ராஜா சாண்டோ உடற்பயிற்சி வீரர். அவருடைய படங்களில் தசையின் மேட்டில் பளபளக்கும் ஒளியை வெண்மையாகவே விட்டுவைத்தால்தான் அந்த உடலுக்கு எடை வரும்.

திருகோணமலைக்கு வேறொரு நற்பேறு உண்டு. சிங்களத்தின் முதல் முழுநீள வண்ணத் திரைப்படமான, மைக் வில்சன் இயக்கிய ரன்முத்து தூவ (1962) இந்தக் கடலிலேயே, நீருக்கடியிலும் கரையிலுமாகப் படமானது. குடமுழுக்குக்கு முந்திய ஆண்டுகளின் கடலையும் மலையையும் நேரடி வண்ணத்தில் காட்டும் ஒப்பீட்டுச் சான்றாக அது பயன்படக்கூடியது. அக்கால வண்ணச் சுருள்களின் சாயங்கள் காலப்போக்கில் மங்கிப் படம் முழுவதும் செம்மையேறும் என்பதை மட்டும் கணக்கில் வைத்து, அந்தச் செம்மையைக் கழித்துப் பார்க்க வேண்டும்.

இன்றைய கணினி வண்ணமேற்றல் பெருந்தொகையான படங்களைப் பார்த்துப் பழகியது. ஐயம் வரும் இடத்தில் அது நடுநிலையான ஒரு நிறத்தைத் தேர்கிறது. அதனால் அரக்குச் சேலை பழுப்பாகிறது, துருக்கித் தொப்பி கறுப்பாகவே நின்றுவிடுகிறது. வேகத்துக்கு அதை நாடலாம். முடிவை அதனிடம் விடலாகாது. மலையுச்சியிலிருந்து எடுத்த படம் எதிலும் குறைந்தது இரண்டு கடல்கள் இருக்கின்றன: டச்சுக் குடாவின் ஆழமற்ற மணல்மேல் வெயில் ஊடுருவும் பசுமை கலந்த நீர் ஒன்று, பாறையின் அடியிலிருந்தே ஆழம் தொடங்கும் கருநீல நீர் மற்றொன்று. இயந்திரம் இரண்டுக்கும் ஒரே நீலத்தைப் பூசுகிறது. கையால் செய்பவர் இரண்டையும் தனித்தனி அடுக்குகளில் வைத்து, அவை சந்திக்கும் இடத்தில் கோடு விழாமல் பாறையின் நிழலைக் கொண்டு இணைத்து, சான்று கிடைக்காத கரையோர உடைகளையும் படகின் பாயையும் பழுப்பு டோனிலேயே விட்டு, எவை எவை ஊகம் என்பதைப் படத்தின் பின்புறத்திலோ கோப்பின் குறிப்பிலோ எழுதிவைக்கிறார்.