ஆஷ் துரையும் நம்ம கதையும்

1911 ஜூன் 17இல் மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்ற திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் பற்றி நம்ம பக்கத்தில் ஒரு கதை உண்டு. பிரசவ வலியில் துடித்த சேரிப் பெண்ணை அக்ரகாரம் வழியாகத் தன் வண்டியில் ஏற்றிப் போனார், அதுக்காகத்தான் கொன்னாங்க என்று. மேடைகளில் நானும் கேட்டிருக்கிறேன். ஆதாரம் காட்டியவர் யாருமில்லை.

ஆஷின் வாழ்க்கையையும் குடும்பத்தையும் தேடிப்போய் எழுதிய ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘ஆஷ் அடிச்சுவட்டில்’ படித்தால் வேறு மனுசன் தெரிகிறார். அயர்லாந்துக்காரர். கொடைக்கானலில் இருந்த பிள்ளைகளைப் பார்க்க மனைவி மேரியோடு கிளம்பியவர். அந்தக் குடும்பத்தின் துக்கம் துக்கம்தான். ஆனால் 1908இல் தூத்துக்குடியில் சுதேசி இயக்கத்துக்கும் கோரல் மில் தொழிலாளர் போராட்டத்துக்கும் எதிராக நின்ற அதிகாரியும் அவரேதான். அவரை எதுக்கு நம்ம குலசாமி ஆக்கணும்?

வாஞ்சியின் சாதி மனசைக் காட்ட வண்டிக் கதை தேவையில்லை. அவர் சட்டைப்பையில் கிடைத்த கடிதமே போதும். சனாதன தர்மத்தை மிலேச்சர்கள் மிதிக்கிறார்கள் என்பது அதன் புகார். மாட்டுக்கறி தின்பவன் என்பது ஐந்தாம் ஜார்ஜுக்கு அது வைக்கும் வசவு. அந்த வசவு லண்டனுக்குப் போறதுக்கு முந்தி நம்ம அடுப்படியைத்தான் தொடுது.

நல்ல துரையைத் தேடுவதில் என்ன கண்டோம்? மாஞ்சோலைத் தேயிலைத் தொழிலாளர்களுக்காக 1999 ஜூலை 23இல் திருநெல்வேலி கலெக்டரிடம் மனுக் கொடுக்கப் போன ஊர்வலத்தைப் போலீஸ் அடித்து விரட்டியது. தாமிரபரணியில் இரண்டு பெண்கள், ஒரு குழந்தை உட்பட 17 பேர் செத்தார்கள். அதுக்குச் சாட்சிகள் உண்டு. துரைக்குக் கதை கட்டுகிற நேரத்தில் அவங்க சொல்றதை எழுதி வைப்போம்.